விழாத பொம்மையும் விழுந்துகிட்டே போகும் பொம்மையும்

பொங்கல் லீவுக்கு ஊருக்கு, அதாவது செம்பட்டிக்குப் போயிருந்தேன். அக்கா மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். அவளுக்கு யாரோ தஞ்சாவூர்ல இருந்து ஒரு தலையாட்டி பொம்மை வாங்கிட்டு வந்து கொடுத்திருக்காங்க. அதைப் பிடிச்சுப் படுக்க வைக்கிறாள், எந்திரிக்குது. திரும்பப் படுக்க வைக்கிறாள், திரும்ப எந்திரிக்குது. பத்து பதினைஞ்சு தடவை பார்த்துட்டு கடுப்பாகி என்கிட்ட வந்தாள்.

"மாமா, இது ஏன் தூங்கவே மாட்டேங்குது?"

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். இதுக்குப் பதில் தெரியாதா என்ன? "அதோட சென்டர் ஆஃப் கிராவிட்டி கீழ இருக்குடா" என்றேன். "அப்படின்னா?" என்றாள். "அதாவது, பொட்டென்ஷியல் எனர்ஜி மினிமமா இருக்கிற பொசிஷனுக்கு..." என்று ஆரம்பிச்சு, அவள் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டேன்.

திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த அப்பத்தா அங்கிருந்தே சொன்னாங்க: "அடியில கனமா மண்ணு வச்சிருக்கான்டி. கனம் கீழதான இருக்கப் பாக்கும்? அதான் எந்திரிச்சிருது." பிள்ளை சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாள்.

எனக்குத்தான் உறுத்தலா இருந்தது. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். ஆனா நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இதைக் கையால செஞ்சு பார்த்ததில்லை. சூத்திரம் தெரியும், பொருள் தெரியாது. அந்த லீவு முழுக்க ரெண்டு பொம்மை செஞ்சேன், பல தடவை சொதப்பினேன். அதுல புரிஞ்சதைத்தான் இங்கே எழுதுறேன். படிச்சுட்டு நீங்களும் செஞ்சு பாருங்க. மோட்டார் வேண்டாம், பேட்டரி வேண்டாம், கோடிங் வேண்டாம். புவியீர்ப்பு மட்டும் போதும், அது ஹாஸ்டல்லயும் கிடைக்கும்.

அப்பத்தா சொன்னது முழுசா சரியா?

முதல்ல இதைச் சோதிக்கலாம். ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்து, உள்ளே அடியில களிமண்ணை நல்லா அப்பினேன். கனம் கீழ இருக்கு. இப்போ டம்ளரைப் படுக்க வச்சேன். படுத்தது படுத்ததுதான், எந்திரிக்கவே இல்லை.

ஆக, கனம் கீழ இருந்தா மட்டும் போதாது. அடிப்பக்கம் உருண்டையாவும் இருக்கணும். இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் வித்தை.

எப்படின்னு பாருங்க. பொம்மையோட அடிப்பாகம் ஒரு பந்தோட பாதின்னு வச்சுக்குங்க. அந்தப் பந்துக்கு ஒரு மையம் இருக்கும். பொம்மை எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும், அது தரையைத் தொடுற புள்ளிக்கு நேர் மேலேதான் அந்த மையம் இருக்கும். பந்து உருளும்போது அதோட மையம் ஏறுறதும் இல்லை, இறங்குறதும் இல்லை, இல்லையா? அதேதான். இப்போ பொம்மையோட மொத்த எடையும் ஒரே புள்ளியில இருக்குன்னு நினைச்சுக்குங்க. அதுதான் ஈர்ப்பு மையம். அது இருக்கக்கூடிய இடம் மூணே மூணு.

ஒண்ணு, பந்தின் மையத்துக்குக் கீழே. சாய்ச்சா ஈர்ப்பு மையம் கொஞ்சம் மேலே ஏறணும். ஏறினது இறங்கப் பார்க்கும், அதனால பொம்மை நிமிர்ந்துடும்.

ரெண்டு, பந்தின் மையத்துக்கு மேலே. கொஞ்சம் சாய்ச்சாலே ஈர்ப்பு மையம் இறங்க ஆரம்பிக்கும். இறங்க வழி கிடைச்சா விடுமா? பொம்மை கவிழ்ந்துடும்.

மூணு, சரியா அதே இடத்துல. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விட்ட இடத்துல அப்படியே நிக்கும், தள்ளினா போய்க்கிட்டே இருக்கும்.

இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்குங்க. இந்தக் கட்டுரையில வர்ற எல்லாப் பொம்மையும் இதுக்குள்ளதான்.

முதல் பொம்மை: எந்திரிக்கிறது

தஞ்சாவூர் பொம்மைக்கு 2008-09-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதுல ரெண்டு வகை பிரபலம். ஒண்ணு, அடி உருண்டையா இருந்து சாய்ஞ்சு சாய்ஞ்சு எந்திரிக்கிற ராஜா ராணி பொம்மை. இன்னொண்ணு, தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனியா ஆடுற நடனப் பொம்மை. நாம முதல் வகையைச் செய்யலாம்.

10 செ.மீ. விட்டமுள்ள ஒரு ரப்பர் பந்து எடுத்துக்குங்க. அதுமேல கொஞ்சம் எண்ணெய் தடவி, பாதி வரைக்கும் பழைய நியூஸ் பேப்பர் துண்டுகளை மைதாப் பசையில நனைச்சு அடுக்கடுக்கா ஒட்டுங்க. ஆறேழு அடுக்கு வந்ததும் ரெண்டு நாள் நிழல்ல காய விடுங்க. அவசரப்பட்டு வெயில்ல வச்சா கோணிக்கும். எனக்கு முதல் கூடு அப்படித்தான் முட்டை மாதிரி ஆச்சு. காய்ஞ்சதும் பந்தைக் கழட்டிட்டு, கூட்டுக்குள்ள அடியில களிமண்ணை அப்பி, அதையும் காய விடுங்க. மேலே அட்டையில கூம்பு மாதிரி உடம்பு, அதுக்கு மேல காகிதத் தலை. ஒட்டிப் பெயின்ட் அடிச்சா முடிஞ்சது.

இப்போ கணக்கு. கூடு 50 கிராம், அதோட ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 2.5 செ.மீ. மேல் உடம்பும் தலையும் சேர்ந்து 30 கிராம், அதோட மையம் 10 செ.மீ. உயரத்துல. ரெண்டையும் எடை பார்த்துச் சராசரி எடுத்தா மொத்த ஈர்ப்பு மையம் 5.3 செ.மீ.-ல வரும். பந்தின் மையம் 5 செ.மீ.-ல இருக்கு. மேலே போயிடுச்சு, அதனால பொம்மை கவிழும்.

அடியில 150 கிராம் களிமண் வச்சா? அதோட மையம் சுமார் 1.7 செ.மீ. இப்போ மொத்த ஈர்ப்பு மையம் 3 செ.மீ.-க்கு இறங்கிடும். அஞ்சுக்குக் கீழே 2 செ.மீ. இடைவெளி. பொம்மை சும்மா கம்பீரமா எந்திரிக்கும்.

இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு. வெறும் 10 கிராம் மண் போட்டாலே ஈர்ப்பு மையம் 4.8-க்கு வந்துடும். அதாவது கணக்குப்படி அதுவும் எந்திரிக்கணும். எந்திரிச்சது. ஆனா பரீட்சைக்கு முதல் நாள் காலையில நாம எந்திரிக்கிற மாதிரி, அவ்வளவு மெதுவா! இடைவெளிதான் நிமிர்த்துற நெம்புகோல். அது 2 செ.மீ.-ல இருந்து 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கினா வேகமும் போயிடும், தரையில கிடக்கிற ஒரு மணல் பருக்கை தடுத்தாலும் நின்னுடும். நிக்குமா நிக்காதாங்கிறது ஒரு கேள்வி. எவ்வளவு உறுதியா நிக்கும்ங்கிறது வேற கேள்வி. இந்த வித்தியாசம் நோட்ஸ்லயும் இருந்திருக்கும், கையில உணர்ந்தது இப்பத்தான்.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். 150 கிராம் மண் வச்ச பொம்மையோட தலையில, 15 செ.மீ. உயரத்துல, ஒரு கிரீடம் ஒட்டுறீங்க. எத்தனை கிராமுக்கு மேல போனா பொம்மை கவிழும்? விடை 47 கிராம். போட்டுப் பாருங்க.

ரெண்டாவது பொம்மை: குட்டிக்கரணம் போடுறது

இதுதான் என் ஃபேவரிட். கேப்சூல் மாத்திரை மாதிரி ஒரு பொம்மை. சரிவான பலகையில வச்சா தலைகீழா குட்டிக்கரணம் போட்டுப் போட்டு இறங்கும். உள்ளே உயிர் இருக்கிற மாதிரியே தோணும், ஆனா உள்ளே இருக்கிறது ஒரு கோலிக்குண்டுதான்.

இந்த மாதிரி பொம்மைகளை நம்ம நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போனவங்கள்ல முக்கியமானவர் அரவிந்த் குப்தா. 1975-ல ஐ.ஐ.டி. கான்பூர்ல எலெக்ட்ரிக்கல் முடிச்சவர். வேலைக்குப் போன கொஞ்ச காலத்துல, தீப்பெட்டியும் சைக்கிள் டியூப்பும் வச்சு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறதையே வாழ்க்கையா எடுத்துக்கிட்டார். 2018-ல பத்மஸ்ரீ கிடைச்சது. நம்ம துறையில படிச்ச ஒருத்தர் குப்பையில பொம்மை செய்யப் போனார்னு கேட்டா வீட்ல என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, செய்முறை. வீட்ல சப்பாத்தி சுத்துற அலுமினியம் ஃபாயில் 12 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்துக்கு வெட்டிக்குங்க. கோலிக்குண்டு சுமார் 16 மி.மீ. விட்டம் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் தடிமனான ஒயிட்போர்டு மார்க்கர்மேல ஃபாயிலைச் சுத்துங்க, ரெண்டு சுத்து வரும். ஒரு முனையை மடிச்சு மூடி, மார்க்கரை உருவிட்டு, கோலிக்குண்டை உள்ளே போட்டு, மறுமுனையையும் மூடுங்க. மூடினதுக்கு அப்புறம் உள்நீளம் குண்டு விட்டத்தைப் போல ரெண்டேகால், ரெண்டரை மடங்கு இருக்கட்டும்.

இப்போ பார்க்க ரொம்பக் கேவலமா இருக்கும். கவலைப்படாதீங்க. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, ஒரு நிமிஷம் நல்லாக் குலுக்குங்க. உள்ளே குண்டு அங்கிட்டும் இங்கிட்டும் மோதி மோதி ரெண்டு முனையையும் தானே உருண்டையாக்கிடும். நாம செய்ய வேண்டிய கடினமான வேலையை குண்டே செஞ்சுக்குது.

ஒரு மீட்டர் பலகையோட ஒரு முனையை 20 செ.மீ. உயர்த்தி வச்சு, மேலே ஒரு துண்டை விரிச்சு, உச்சியில கேப்சூலை வைங்க. டக், டக், டக்னு கரணம் போட்டு இறங்கும்.

என்ன நடக்குது? கேப்சூல் படுத்திருக்கு. குண்டு உள்ளே உருண்டு முன் முனைக்கு வருது, மோதுது. இப்போ குண்டோட மையமும் அந்த உருண்டை முனையோட மையமும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. மூணாவது இடம்னு சொன்னேனே, அதுதான் இது! முன் முனை உருளும்போது குண்டைத் தூக்க வேண்டியதே இல்லை. தூக்க வேண்டியது பின்னால நீட்டிக்கிட்டு இருக்கிற காலி வாலை மட்டும்தான். குண்டு 5 கிராமுக்கு மேல, மொத்த ஃபாயிலும் கால் கிராம். இருபது மடங்கு வித்தியாசம். ஓடி வந்த குண்டோட வேகத்துக்கு அந்த வால் ஒரு தூசு. வால் மேலே எழும்பி, முன்னால போய் விழுது. இப்போ குண்டு பின்னால இருக்கு, முன்னால சரிவான காலி இடம். மறுபடியும் உருளுது. கதை தொடருது.

அப்போ ஆற்றல் எங்கிருந்து வருது? நீங்க தூக்கி வச்சதுல இருந்துதான். 6 கிராமை 20 செ.மீ. தூக்கினா சுமார் 12 மில்லிஜூல். அவ்வளவுதான் பெட்ரோல். ஒவ்வொரு கரணத்துக்கும் அதுல கொஞ்சம் மோதல்லயும் சத்தத்துலயும் செலவாகுது. அதனாலதான் சாதாரண குண்டு மாதிரி வேகம் கூடிக்கிட்டே போகாமல், தாளம் போட்டு இறங்குது.

எனக்கு எங்கெல்லாம் சொதப்புச்சுன்னும் சொல்லிடுறேன். முதல் கேப்சூல் முனை தட்டையா இருந்தது, கரணமே போடலை. தட்டை முனையில குண்டு விளிம்பைத் தாண்டி ஏற வேண்டியிருக்கு, அதுக்கு வேகம் பத்தாது. ரெண்டாவதை ரொம்ப நீளமாச் செஞ்சேன், குண்டு முன்னால போய் உட்கார்ந்துக்கிச்சு, வால் எந்திரிக்கலை. மூணாவது சரியாத்தான் இருந்தது, ஆனா டைல்ஸ் பலகையில வச்சதால கரணம் போடாமல் சறுக்கிட்டுப் போச்சு. உராய்வு இல்லைன்னா உருளாது. துண்டு விரிச்சதும் சரியாச்சு. குட்டியா வேணும்னா சைக்கிள் கடையில கால் இன்ச் பால்ரஸ் குண்டு வாங்குங்க. ஒண்ணு சுமார் 1 கிராம் வரும், அதுக்கேத்த மாதிரி கூட்டைப் பென்சில்ல சுத்திக்கலாம்.

முக்கியமான விஷயம்: குண்டுகள் சின்னப் பிள்ளைங்க வாயில போட்டுக்கிற சைஸ். மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க. ஃபாயில் கிழியும்.

மூணாவது: நான் செய்யாத பொம்மை

ஜப்பான்ல 1796-ல ஹொசோகாவா ஹன்சோ யோரினாவோ என்பவர் 'கராகுரி சூயி' என்ற புத்தகம் போட்டார். கடிகாரங்களும் தானியங்கி பொம்மைகளும் செய்யறது எப்படின்னு படத்தோட விளக்குற புத்தகம். அதுல ஒரு பொம்மை படிக்கட்டு இறங்கும். பின்னால வளைஞ்சு கீழ்ப்படியில கை ஊன்றி, காலைத் தூக்கிப் போட்டு, அடுத்த படியில நிக்கும், மறுபடியும் வளையும். கழைக்கூத்தாடி தோத்துடணும்.

உள்ளே இருக்கிற தந்திரம் நம்ம கேப்சூல்தான். உடம்புக்குள்ள ஒரு குழாய், அதுல கோலிக்குண்டுக்குப் பதிலா பாதரசம். பொம்மை வளைஞ்சதும் பாதரசம் கீழ்ப்பக்கம் ஓடி, எடை கையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடும். கால் தானா எழும்பும். கை கால் எந்த அளவுக்கு மடங்கணும்ங்கிறதை நூல்கள் பார்த்துக்கும். ஏன் பாதரசம்? இரும்பைவிட ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி, அதோட தண்ணி மாதிரி ஓடும். பொறியாளர் கண்ணோட பார்த்தா அருமையான தேர்வு.

ஆனா இதைச் செஞ்சு பார்க்கலாம்னு பழைய தெர்மாமீட்டரை உடைக்க நினைச்சீங்கன்னா, தயவுசெய்து வேண்டாம். பாதரசம் அறை வெப்பத்துலயே ஆவியாகும், அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா கொடைக்கானல் மலை தெரியும். அந்த மலை மேலதான் ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு காயலான் கடை வரைக்கும் போனது தெரிய வந்து, 2001-ல அதை மூடினாங்க. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016-ல. பதினஞ்சு வருஷம். எங்க மாவட்டத்துல பாதரசத்தை 'சூப்பர் மெட்டீரியல்'னு மட்டும் எழுத எனக்குக் கை வரலை. 2013-ல உலக நாடுகள் சேர்ந்து பாதரசத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஒப்பந்தம் போட்டதுக்கு, மினமாட்டா என்ற ஜப்பான் ஊரோட பேரைத்தான் வச்சாங்க. பாதரசத்தால சீரழிஞ்ச ஊர் அது.

அதனால இந்தப் பொம்மையை முயற்சி பண்றவங்க எஃகு குண்டு போட்டே பண்ணுங்க. எடை குறையும், டிசைனை மாத்தணும். மாத்துறதுக்குத்தானே நாம படிக்கிறோம்?

பொம்மைதானேன்னு நினைக்கிறவங்களுக்கு

சரிவுல தானா நடந்து இறங்குற மரப் பொம்மை பார்த்திருப்பீங்க. அந்தத் தத்துவத்தை டேட் மெக்கீர் என்ற பொறியாளர் கணக்காக்கி, 1990-ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். மோட்டாரே இல்லாத ரெண்டு கால் இயந்திரம், சரிவுல மனுஷன் மாதிரி நடந்தது. 2005-ல அதே வழியில மிகக் குறைஞ்ச மின்சாரத்துல சமதளத்துல நடக்கிற ரோபோக்கள் வந்தது.

இன்னொண்ணு. அடியில மண் வைக்காமல், முழுக்க ஒரே பொருள்ல, குழி எதுவும் இல்லாத வடிவத்துல தலையாட்டி பொம்மை செய்ய முடியுமா? வடிவம் மட்டுமே அதை நிமிர்த்தணும். நிலையான சமநிலை ஒண்ணு, நிலையற்ற சமநிலை ஒண்ணு, அவ்வளவுதான் இருக்கணும். முடியும்னு 1995-ல கணித மேதை ஆர்னால்ட் யூகிச்சார். 2006-ல ஹங்கேரியைச் சேர்ந்த டொமோகோஷும் வார்கொன்யியும் அதைக் கண்டுபிடிச்சு 'கோம்பாட்ஸ்'னு பேர் வச்சாங்க. அப்புறம் அவங்க ஆமை ஓடுகளை அளந்து பார்த்தப்போ, கோம்பாட்ஸுக்கு ரொம்ப நெருக்கமா இருந்தது எது தெரியுமா? நம்ம நாட்டு நட்சத்திர ஆமை. மல்லாந்து விழுந்தா அதை நிமிர்த்திவிட ஓட்டோட வடிவமே பாதி வேலை பார்க்குது.

கடைசியா ஒண்ணு. செம்பட்டி முக்குல நின்னா, உயரமா வைக்கோல் ஏத்தின டிராக்டர் வளைவுல திரும்புறதைத் தினமும் பார்க்கலாம். அடி உருண்டை இல்லை, நாலு சக்கரம்தான். ஆனா கேள்வி அதேதான்: எடை எங்கே இருக்கு, சாய்ஞ்சா அது ஏறுமா இறங்குமா? முன்னாடியெல்லாம் அதைப் பார்த்தா ஸ்டேட்டஸ் வைக்க போட்டோ எடுப்பேன். இப்போ அந்த டிரைவருக்காக மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு, வண்டி நேராகிற வரைக்கும் நின்னு பார்க்கிறேன்.

லீவு முடிஞ்சு கிளம்புற அன்னைக்கு அக்கா மகள், நான் செஞ்ச பொம்மை தலையில பெரிய களிமண் கொண்டையை ஒட்டி வச்சிருந்தாள். பொம்மை படுத்தே கிடந்தது.

"பாத்தியா மாமா, தூங்க வச்சுட்டேன்."

47 கிராமுக்கு மேல போயிருக்கும். எந்தச் சூத்திரமும் இல்லாமல் அவளே கண்டுபிடிச்சுட்டாள்.